எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 வந்துடுச்சா? கொஞ்சம் பொறுங்க!

இந்த வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புகளை ஒருமுறை பாருங்க. மழைமானி, மண் ஈரம், காட்டுத்தீ எச்சரிக்கை, மலைக்கிராம சுகாதார அலர்ட். பாதிக்கு மேல லோரா. "எங்கே வைக்கப் போறீங்க?"ன்னு கேட்டா நம்ம பக்கத்துப் பசங்க சொல்ற பதில் பெரும்பாலும் ஒண்ணுதான்: கல்வராயன் மலை. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மேலே ஏறினா வெள்ளிமலை. அங்கிருந்து உள்ளே போகப் போக போன்ல கோடு ஒவ்வொண்ணா குறையும். அப்புறம் இருக்காது. அதனால தலைப்பு சரிதான், தேவையும் உண்மைதான். எனக்குப் பிரச்சினை அந்த போர்டு மூலையில சாலிடர் பண்ணி நிக்கிற குட்டி ஸ்பிரிங் மேலதான்.

அந்த ஸ்பிரிங்தான் ஆன்டெனா. மாட்யூலோட இலவசமா வந்தது. மைக்ரோகன்ட்ரோலருக்கு மூணு ரிவ்யூ, கோடுக்கு நாலு ரிவ்யூ, ஆப்போட கலருக்குக்கூட ஒரு ரிவ்யூ நடக்குது. ஸ்பிரிங்கை யாரும் கேள்வி கேட்கிறதில்ல. யாராவது கேட்டா "எஸ்.டபிள்யூ.ஆர். நல்லா இருக்கு சார்" என்ற ஒரே பதில்ல வாய் அடைஞ்சிடும். அந்தப் பதில் எந்த அளவுக்கு வெறும் பதில்னு காட்டத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கணக்கு வரும், ஓடிடாதீங்க.

முதல்ல எல்லாருக்கும் தெரிஞ்சது. 300-ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா அலைநீளம் மீட்டர்ல வரும். செங்குத்தா நிக்கிற கம்பி கால் அலைநீளம் இருந்தா தானாகவே ஒத்ததிர்வுக்கு வரும், தரை நல்லா இருந்தா அதோட மின்தடை சுமார் 36 ஓம். ஹாம் ரேடியோக்காரங்க அதிகம் பேசுற 7.1 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கோங்க: அலைநீளம் 42.25 மீட்டர், கால் பங்கு பத்தரை மீட்டர். மூணு மாடி உயரம். அதை ஜீப் மேல நிறுத்த முடியாது, பைல போட்டு மலை ஏத்தவும் முடியாது. அதனால ஒரு 2.5 மீட்டர் கம்பியை நிறுத்தி, அடியில ஒரு காயிலைப் போடுறோம்.

இங்கேதான் அந்தப் பிரபலமான தப்பான ஐடியா நுழையுது. "பத்தரை மீட்டர் வேணும், ரெண்டரை இருக்கு, மீதி எட்டு மீட்டரை பைப்ல சுத்திட்டா சரியாப் போச்சு." கேட்க ரொம்ப நியாயமா இருக்கும். வீடியோக்கள்ல பாதிப் பேர் இதைத்தான் சொல்றாங்க. ஆனா மின்சார நீளம் என்பது டேப் வச்சு அளக்கிற நீளம் இல்ல.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2.5 மீட்டர் என்பது 7.1 மெகாஹெர்ட்ஸ்ல 21 டிகிரி. 6 மி.மீ. தடிமன் கம்பின்னு வச்சா, அதோட கெபாசிட்டிவ் ரியாக்டன்ஸ் ஏறத்தாழ 990 ஓம். அதைச் சமன் செய்ய அதே அளவு இண்டக்டிவ் ரியாக்டன்ஸ் வேணும். அதாவது 22 மைக்ரோஹென்றி. ரெசனன்ஸ் என்ற பெரிய வார்த்தைக்கு இங்கே அர்த்தம் அவ்வளவுதான், மைனஸ் 990-ம் பிளஸ் 990-ம் ஒண்ணை ஒண்ணு தின்னுடறது. "காணாமப் போன டிகிரி"யை காயில் திருப்பித் தர்றதா நினைக்காதீங்க. காயில் சின்னதா இருந்தா அதுக்குள்ள போற கரண்ட்டும் வெளியே வர்ற கரண்ட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மீதி 69 டிகிரி அதுக்குள்ள சுருண்டு படுத்திருக்கல.

இப்போ அந்த 22 மைக்ரோஹென்றியை 2 இஞ்ச் விட்டத்துல சுத்துங்க. வீலர் 1928-ல கொடுத்த சூத்திரம் இன்னைக்கும் போதும்: ஆரத்தின் வர்க்கத்தை சுத்துகளின் வர்க்கத்தால பெருக்கி, ஆரத்தின் 9 மடங்கையும் காயில் நீளத்தின் 10 மடங்கையும் கூட்டினதால வகுக்கணும். எல்லாம் இஞ்ச்ல. 2 இஞ்ச் நீளத்துல நெருக்கிச் சுத்தினா 25 சுத்து, கம்பி 4 மீட்டர். 3 இஞ்ச்ல சுத்தினா 29 சுத்து, 4.7 மீட்டர். 6 இஞ்ச்ல பரப்பினா 39 சுத்து, 6.2 மீட்டர். அதே ஆன்டெனா, அதே ஒத்ததிர்வு, மூணு வேற வேற கம்பி நீளம். எதுவும் எட்டு மீட்டர் இல்ல.

எட்டு மீட்டரையும் நம்பிச் சுத்தினா? அந்த 3 இஞ்ச் காயில் இருந்த அதே இடைவெளியில சுத்தினா 50 சுத்து வரும், 42 மைக்ரோஹென்றி ஆகும். ஆன்டெனா 7.1-ஐ விட்டு 5.2 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போய் நிக்கும்.

ஏன் இப்படி? வெள்ளிமலைக்குப் போற மலை ரோட்டை நினைச்சுக்கோங்க. பஸ் ஒவ்வொரு வளைவையும் சுத்தித்தான் ஆகணும், ரோடு எவ்வளவோ அவ்வளவு நேரம். ஆடு மேய்க்கிறவர் அப்படிப் போக மாட்டார், மேல் வளைவுக்கும் கீழ் வளைவுக்கும் நடுவுல குறுக்குத் தடத்துல இறங்கிடுவார். காயில்ல காந்தப்புலம் அந்த ஆட்டுத் தடத்துல போகுது. ஒரு சுத்தின் புலம் பக்கத்துச் சுத்துகள்லயும் புகுறதாலதான் இண்டக்டன்ஸ் சுத்து எண்ணிக்கையின் வர்க்கத்துல ஏறுது. நெருக்கினா ஒத்தாசை அதிகம், பரப்பினா குறைவு. கம்பி நீளம் இதுல ஒரு பக்க விளைவு மட்டும்தான்.

சுவாரஸ்யம் என்னன்னா, முழுக் குச்சியிலயும் அடியிலிருந்து நுனி வரை சுத்தினா கதை தலைகீழ். மீன்பிடிக் கம்புல சுத்துவாங்களே, அந்த மாதிரி. அப்போ கால் அலைநீளக் கம்பி பத்தாது. அரை அலைநீளம் அளவுக்குக் கம்பி எடுத்து, நுனியைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டி டியூன் பண்ணுங்கன்னு பழைய ஹாம்கள் சொல்வாங்க. காரணம், நுனிக்குப் போகப் போக கரண்ட் குறையுது. கரண்ட் இல்லாத இடத்துல இருக்கிற சுத்து பெரிசா வேலை செய்யாது. ஆக ஒரே அலைவரிசைக்கு, காயில் அடியில இருந்தா தேவை கால் அலையை விடக் குறைவு, முழுசும் பரவினா கால் அலையை விட அதிகம். "கால் அலைநீளக் கம்பியை எடுத்துச் சுத்து" என்ற ஃபார்முலா ரெண்டு பக்கமும் தப்புது.

சரி, டியூன் பண்ணிட்டோம். மீட்டர் இறங்கி நிக்குது. இனிமேதான் நான் சண்டைக்கு வர்ற இடம்.

குட்டை ஆன்டெனாவோட ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு? உயரத்தை அலைநீளத்தால வகுத்து, வர்க்கம் எடுத்து, 395-ஆல பெருக்குங்க. நம்ம 2.5 மீட்டருக்கு 1.4 ஓம். அலையா வெளியே போற சக்திக்கு இருக்கிற பங்கு அந்த 1.4 ஓம்தான். காயில் க்யூ 200 இருந்தா அதோட இழப்பு 5 ஓம். தரையில இழப்பு 10 ஓம்னு வைங்க (ஜீப் பாடி, நாலு ரேடியல் கம்பி, காஞ்ச மண் எல்லாம் சேர்த்து இதுவே நல்ல நிலைமை). மொத்தம் 16.4 ஓம். 50 ஓம் கேபிள்ல எஸ்.டபிள்யூ.ஆர். 3-க்கு மேல காட்டும். "ச்சே, மோசம்"னு சொல்லுவீங்க. ஆனா இதோட திறன் எட்டரை சதவீதம்.

இப்போ ரேடியலை எல்லாம் கழட்டிப் போட்டு, தரை இழப்பை 44 ஓம் ஆக்குங்க. மொத்தம் 50 ஓம். எஸ்.டபிள்யூ.ஆர். 1-க்கு 1! ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரிப்போர்ட்ல ஒட்டலாம், பேண்ட்வித் வேற நல்லா அகலமா இருக்கும். திறன்? மூணு சதவீதம்கூட இல்ல. 10 வாட் உள்ளே போனா கால் வாட் வெளியே, மீதி மண்புழுவுக்குச் சூடு.

இன்னொரு தடவை படிங்க. ஆன்டெனா மூணு மடங்கு மோசமாச்சு, மீட்டர் சந்தோஷப்பட்டுச்சு. 50 ஓம் டம்மி லோடு ஒண்ணை மாட்டினா அதை விட அழகான எஸ்.டபிள்யூ.ஆர். எந்த ஆன்டெனாவும் தராது. ரெசனன்ஸ் சுலபம், மேட்சிங்கும் சுலபம். கஷ்டம் அந்த 1.4 ஓமை உயர்த்துறது. குட்டை காயில் ஆன்டெனா அகலமான பேண்ட்வித்தோட நல்ல எஸ்.டபிள்யூ.ஆர். காட்டினா நான் முதல்ல சந்தேகப்படுவேன். அளவுல சின்னதா, திறன் அதிகமா, பேண்ட்வித் அகலமா, மூணும் ஒண்ணா கிடைக்காதுன்னு வீலர் 1947-லயும் சூ 1948-லயும் எழுதி வச்சிட்டாங்க. அதுக்கப்புறம் எத்தனை கம்பெனி "அதிசய மினி ஆன்டெனா" வித்தாலும் அந்த எல்லை நகரல.

ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸை உயர்த்த வழி இருக்கு, ஆனா காயிலைத் தடிமனாக்குறது அந்த வழியில்ல. காயிலை நடுவுக்கு ஏத்தலாம்: கீழ்ப்பாதியில கரண்ட் நிரம்பும், ரெசிஸ்டன்ஸ் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆனா காயிலும் ஏறத்தாழ இரட்டிப்பா வேணும், இழப்பும் கூடும். கணக்கு கடைசியில கொஞ்சமாத்தான் லாபம் காட்டும். உச்சியில தொப்பி மாதிரி குறுக்குக் கம்பிகளைக் கட்டுறது அதை விட மேல்: கரண்ட் அடியிலிருந்து நுனி வரை ஒரே சீரா ஓடினா ரெசிஸ்டன்ஸ் நாலு மடங்கு வரை போகும், தேவைப்படுற காயிலும் சின்னதாகும். ரெட்டை லாபம். குடைக்கம்பி நாலு போதும்.

இந்தத் தொப்பி வேலையோட உச்சம் பார்க்கணும்னா வெளிநாடு போக வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணம் போதும். ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990 அக்டோபர்ல தொடங்கப்பட்ட கடற்படை நிலையம். கடலுக்கடியில இருக்கிற நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புற இடம். அலைவரிசை 18.2 கிலோஹெர்ட்ஸ். மெகா இல்ல, கிலோ. அலைநீளம் பதினாறரை கிலோமீட்டர், கால் பங்கே 4 கிலோமீட்டருக்கு மேல. அங்கே நிக்கிற கோபுரம் 471 மீட்டர், இந்தியாவிலேயே உயரமான கட்டுமானம். அப்படியிருந்தும் மின்சாரக் கணக்குல வெறும் 10 டிகிரி. அதாவது நம்ம ஜீப் ஆன்டெனாவை விடப் பாதி குட்டை! மேலே சொன்ன சூத்திரத்துல போட்டா ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ் 0.3 ஓம், உச்சியில தொப்பி முழுசா வேலை செஞ்சா 1.3 ஓம் வரை. இந்த மாதிரி நிலையங்கள்ல ஒரு பெரிய ஹால் முழுக்க ஒரே காயில் நிக்கும், தடிமனான கேபிள்ல சுத்தினது. மண்ணுக்குள்ள ஏக்கர் கணக்குல தாமிரக் கம்பி புதைச்சிருப்பாங்க. அவங்களும் நம்ம பிரச்சினையைத்தான் தீர்க்கிறாங்க, ஆனா செலவை எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர்ல போடாம தாமிரத்துல போடறாங்க.

மறுபடி மலைக்கு வருவோம். வயர்லெஸ் வாக்கி-டாக்கி மேல இருக்கிற ரப்பர் குச்சியும் உள்ளே சுருள்தான். 145 மெகாஹெர்ட்ஸ்ல நேர்க்கம்பி 49 செ.மீ. இருக்கணும், குச்சி 15 செ.மீ. கணக்குப்படி ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 2 ஓம், தரைக்குப் பதிலா செட்டைப் பிடிச்சிருக்கிற உங்க கை. டவுன்ல ரிப்பீட்டர் பக்கத்துல இருக்கும்போது இதெல்லாம் தெரியாது. மலை மடிப்புக்குள்ள இறங்கினா தெரியும். தீர்வுக்கு 20 ரூபா ஆகாது: 49 செ.மீ. ஒயர் ஒண்ணை ஆன்டெனா சாக்கெட்டோட வெளி வளையத்துல மாட்டித் தொங்க விட்டா செட்டுக்கு ஒரு தரை கிடைக்கும். ஹாம்கள் இதை டைகர் டெயில்னு சொல்வாங்க. ரப்பர் குச்சிக்குப் பதிலா நீளமான நேர்க்கம்பி மாட்டினா இன்னும் நல்லது.

லோராவுக்கு வந்தா எனக்குக் கோபமே வருது. இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம லோரா ஓட்டுறது 865 மெகாஹெர்ட்ஸ்லேருந்து தொடங்குற பட்டையில. 866-க்குக் கால் அலை எவ்வளவு தெரியுமா? 8.7 செ.மீ. வெட்டித் திருத்தினா 8 செ.மீ. சொச்சம். உங்க விரல் நீளம்! இதைச் சுருட்ட வேண்டிய அவசியமே இல்ல. மழைமானிப் பெட்டி ஒரு அடி அகலம் இருக்கு, மேலே வானம் இருக்கு, அதுல 3 செ.மீ. ஸ்பிரிங் எதுக்கு? சுருட்டுறது இடம் இல்லாதவன் கட்டுற அபராதம். இடம் இருக்கிறவன் ஏன் கட்டணும்? இதுல சில சமயம் வர்றது 433-க்கான ஸ்பிரிங், மாட்டுறது 866 மாட்யூல்ல. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அபராதம் எவ்வளவுன்னும் பார்த்துடுவோம். ஸ்பிரிங்கும் மோசமான தரையும் சேர்ந்து பத்துல ஒரு பங்கு சக்திதான் வெளியே விடுதுன்னு வைங்க, 10 டெசிபெல் நஷ்டம். திறந்த வெளியில தூரம் மூணுல ஒரு பங்காகும். கேட்வேயிலயும் அதே ஸ்பிரிங்னா 20 டெசிபெல், தூரம் பத்துல ஒரு பங்கு. 10 கிலோமீட்டர் போக வேண்டியது ஒண்ணுல நிக்கும். "அதனால என்ன, ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை ஏத்திடுவோம்"னு ஒரு குரல் கேட்குது. ஏத்தலாம். ஒரு படிக்கு ரெண்டரை டெசிபெல் கிடைக்கும், ஒளிபரப்பு நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 10 டெசிபெல் மீட்க நாலு படி. ஒவ்வொரு செய்திக்கும் ஏறத்தாழ 16 மடங்கு நேரம் டிரான்ஸ்மிட்டர் எரியும். பேட்டரி மாத்த யார் மலை ஏறப் போறா? டெமோ நாளன்னிக்கு நாம போவோம். வைவா முடிஞ்ச மறு மாசம்? அந்த ஊர்க்காரங்க சுவத்துல செத்துப் போன ஒரு பிளாஸ்டிக் டப்பா தொங்கும், அடுத்த பேட்ச் போய் அனுமதி கேட்கும்போது அவங்க முகத்துல அது தெரியும்.

ஹெச்.எஃப். பக்கம் ஆர்வம் இருக்கிறவங்களுக்கு இன்னும் ஒண்ணு. மலை மடிப்புக்குள்ள இருந்து கள்ளக்குறிச்சியோட பேசணும், செல் இல்ல, வி.ஹெச்.எஃப். மலையில முட்டுது. 7 மெகாஹெர்ட்ஸ்ல பேசலாம்னு முடிவு. அப்போ இவ்வளவு நேரம் பேசின காயில் வச்ச செங்குத்துக் கம்பி சரியான ஆளா? இல்லவே இல்ல. செங்குத்துக் கம்பி அடிவானம் நோக்கித்தான் அனுப்பும், நேர் மேலே அதுக்குக் கண் தெரியாது. அடிவானத்துல உங்களுக்கு மலை நிக்குது. உங்களுக்குத் தேவை நேரா மேலே அனுப்பி அயனி மண்டலத்துல பட்டு மலைக்கு அந்தப் பக்கம் மழை மாதிரி இறங்குற அலை. அதுக்கு ரெண்டு மரத்துக்கு நடுவுல ஆள் எட்டாத உயரத்துல கட்டின 20 மீட்டர் சாதாரண ஒயர், நடுவுல கேபிள். பகல்ல 7 மெகாஹெர்ட்ஸ் இதுக்கு நல்லா ஒத்துழைக்கும். காயில் வேண்டாம், ரேடியல் வேண்டாம், கடையில வாங்குற ஆன்டெனா விலையில பத்துல ஒரு பங்கு. மலையில மரத்துக்கா பஞ்சம்?

இதுக்கு ஹாம் லைசென்ஸ் வேணும், மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. தேர்வு நடத்துது, 12 வயசானாலே எழுதலாம். ஈ.சி.ஈ. படிக்கிற நாம எழுதாம இருக்கிறதுக்குக் காரணம் தேர்வு கஷ்டம்னு மட்டும் சொல்லாதீங்க. 2004 டிசம்பர்ல சுனாமி அடிச்சப்போ பாரதி பிரசாத் குழு போர்ட் பிளேர்ல ஹாம் நிலையம் நடத்திட்டு இருந்தது. அந்தமானோட தொடர்பு அறுந்தப்போ அந்த ரேடியோக்கள்தான் செய்தி கடத்துச்சு. அவங்க பொழுதுபோக்குக்காகப் போனவங்க.

நம்ம லேபைப் பத்தி. ஆன்டெனா லேப்னா சிமுலேஷன் சாஃப்ட்வேர், பேட்ச் ஆன்டெனா, கலர் கலரா ஒரு பேட்டர்ன் படம், கையெழுத்து. பாலானிஸ் புத்தகத்துல குட்டை டைபோல் முன்னாடி அத்தியாயத்திலேயே இருக்கு, நாம அதை ரெண்டு மார்க் கேள்வியா தாண்டிடறோம். நான் கேட்கிறது ஒரே ஒரு எக்ஸ்பெரிமென்ட். 2 இஞ்ச் பி.வி.சி. பைப், மோட்டார் வைண்டிங் கடையில கிடைக்கிற 16 கேஜ் எனாமல் கம்பி அஞ்சு மீட்டர் (கள்ளக்குறிச்சியில அந்தக் கடைக்குக் குறைவில்ல, பம்புசெட் ஊர்), ஒரு 2.5 மீட்டர் அலுமினியக் குழாய், சில ஆயிரம் ரூபாய்க்கு வர்ற ஒரு நானோ வி.என்.ஏ. காலேஜ் கிரவுண்ட்ல நிறுத்துங்க. ரேடியல் இல்லாம ஒரு அளவு, நாலு ரேடியலோட, பதினாறு ரேடியலோட. ஒவ்வொரு தடவையும் ரெசனன்ஸ்ல மின்தடையை எழுதிக்கோங்க. ரேடியல் கூடக் கூட மின்தடை இறங்கும், எஸ்.டபிள்யூ.ஆர். கெட்டுட்டே போகும். கிரவுண்டோட மறுமுனையில ஒருத்தர் சின்ன ரிசீவரோட நின்னு சிக்னல் ஏறுதுன்னு கத்துவார். மீட்டர் ஒரு பக்கம், நண்பன் கத்துறது இன்னொரு பக்கம். யாரை நம்புவீங்க?

கருவி வாங்க பணம் இல்லைன்னு டிபார்ட்மென்ட்ல பதில் வந்தா, வகுப்புக்கு அறுபது பேர் ஆளுக்கு நூறு ரூபா போட்டா அடங்கிடும். போன கல்ச்சுரல்ஸ்ல டி-ஷர்ட்டுக்கு அதை விட அதிகமா கொடுத்தோம். அதுக்கு முன்னாடி இன்னைக்கே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு: உங்க லோரா போர்டை எடுங்க, ஸ்பிரிங்கைக் கழட்டுங்க, 8.7 செ.மீ. ஒத்தைக் கம்பியை நிமிர்த்திச் சாலிடர் பண்ணுங்க, கிரவுண்ட் பக்கமும் அதே நீளத்துல ஒண்ணைக் கீழ்நோக்கி விடுங்க. ஹாஸ்டல் மொட்டை மாடியில ஒரு நோடு, ரோட்டோரமா நடந்துட்டே இன்னொண்ணு. ஆர்.எஸ்.எஸ்.ஐ. எண்ணை ஸ்பிரிங்கோட ஒரு தடவை, நேர்க்கம்பியோட ஒரு தடவை குறிச்சுக்கிட்டு வாங்க. அடுத்த இதழ்ல அந்த எண்களைப் போடுவோம், ஊர் பேரோட.